தண்ணீர் கேட்ட உறுமி

"அப்பா, அந்தத் தாத்தா தண்ணி கேட்டாகளே, யாருமே குடுக்கலையா?"

வேல்விழி இப்படிக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. 2005ஆம் வருடம், பங்குனி மாதத்து மாலை. மைக்செட் வாடகைக்கு விடுகிற பாலகுரு, விஸ்வநத்தத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மறுநாள் கோயில் பொங்கலுக்குக் கொண்டுபோக வேண்டிய குழாய் ஸ்பீக்கர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் டேப் ரெக்கார்டரில் கண்ணுச்சாமியின் உறுமி ஓடி முடிந்து, அப்போதுதான் டக்கென்று நின்றிருந்தது.

"எந்தத் தாத்தா?"

"உறுமி அடிச்ச தாத்தா. அடிக்கிறத நிப்பாட்டிட்டுக் கடைசில கேட்டாகல்ல."

பாலகுரு நாடாவைப் பின்னால் ஓட்டிப் போட்டான். அந்தக் கேசட்டை அவன் நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறான். எந்த இடத்தில் உறுமி விம்மும், எந்த இடத்தில் துள்ளும், எந்த இடத்தில் கூட்டத்தில் ஒரு கைக்குழந்தை அழும், எந்த இடத்தில் ஒருவன் உற்சாகமாக "அடிலே, நிப்பாட்டாத" என்று கத்துவான் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசியில் கேட்கும் முனகலை மட்டும் அவன் பொருட்படுத்தியதே இல்லை. வாசிப்பு முடிந்த பிறகு வருகிற சத்தம் அவனுக்கு எதற்கு?

இப்போது காதைக் கொடுத்துக் கேட்டான்.

"தண்ணி. ஒரு வாய் தண்ணி."

பிறகு எதுவோ கீழே விழுகிற சத்தம். டக்.

"பேட்டரி தீந்து போயிருக்கும்டா. அதுக்கப்புறம் குடுத்திருப்பாக."

"குடுத்திருப்பாகளா?"

"குடுக்காம என்ன."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி பாண்டிச்செல்வி எட்டிப் பார்த்தாள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்தவள் இன்னும் கை கழுவவில்லை. விரலெல்லாம் வெள்ளி மருந்து. "நானுந்தான் காலைலருந்து ஒரு கொடம் தண்ணி பிடிச்சுத் தாங்கன்னு கேக்கேன். செத்தவுக கச்சேரின்னா காது பத்து ஊருக்கு விரியுது. உசுரோட இருக்கவுக கேட்டா ஒன்னும் விழ மாட்டேங்குது."

பாலகுரு சிரித்துக்கொண்டே குடத்தை எடுத்தான். அவள் சொன்னதில் பொய் இல்லை. அவன் சேர்த்து வைத்திருந்த கேசட்டுகளில் இருந்தவர்கள் எல்லாம் அவன் காது முளைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். வில்லுப்பாட்டுப் பாடிய பொன்னுத்தங்கத்தின் குரல் கேட்டு ஊரே விடிய விடிய அசையாமல் உட்கார்ந்திருந்தது என்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்க மாட்டோமா என்று அவனுக்கு ஏங்கும். ஆனால் எல்லாருக்கும் மேலே கண்ணுச்சாமி. சாத்தூரில் மூடப்போன பழைய மைக்செட் கடையில் கிடைத்த கேசட் அது. 'கண்ணுச்சாமி, உறுமி' என்பதற்கு மேல் அதில் ஊரும் இல்லை, வருடமும் இல்லை. பட்டாசு மருந்துக் கொட்டகைத் தீயில் அவர் கருகிப்போனார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தான்.

"ஒரே ஒரு வாட்டி அந்த மனுசன் முன்னால நின்னு கேட்டுறணும்," என்பான் அடிக்கடி. "அப்புறம் காது போனாலும் சரிதான்."

இப்படிப்பட்ட பேச்சைப் பேசும்போது யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை.

---

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே லோடு வண்டி ஓடைக்கரைப்பட்டிக்குள் நுழைந்தது. ஆலங்குளத்துச் சிமெண்டு ஆலைப் புகைபோக்கி தூரத்தில் தெரியும் சின்னக் கரிசல் ஊர். பாலகுருவின் தங்கை நாகஜோதி வாக்கப்பட்ட ஊர் அதுதான். அத்தை வீடு என்பதால் வேல்விழியும் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

கருப்பசாமி கோயில் ஊருக்கு வடக்கே தனியாக இருந்தது. கூரை இல்லாத பீடம். அதற்கு எதிரே பெரிய வேப்பமரம். மரம் முழுக்கப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. மரத்தடியில் ஓரிடத்தில் மட்டும் ஒரு பூகூட விழாமல் தரை வெறுமையாக இருந்ததைப் பாலகுரு பார்த்தான். யாரோ பெருக்கியிருப்பார்கள் என்று நினைத்து, அதற்கு நேர் மேலே ஒரு குழாயைக் கட்டினான்.

நாகஜோதியின் புருசன் பாண்டிராஜ் மஞ்சள் வேட்டியோடு பீடத்தின் அருகே உட்கார்ந்திருந்தான். பழைய சாமியாடி காலமானதால் இந்த வருடம் கருப்பன் அவன் மேல்தான் இறங்க வேண்டும் என்று பூப்போட்டுப் பார்த்து முடிவு செய்திருந்தார்கள். அச்சகத்தில் கட்டிங் மிஷினுக்கு முன்னால் நாளெல்லாம் தலைகுனிந்து நிற்கிற, சத்தமாகப் பேசவே தெரியாத ஆள் அவன்.

"என்ன மாப்ள, ஒதடு வெடிச்சுக் கெடக்கு. தண்ணி குடிச்சீகளா?" என்று பாலகுரு செம்பை எடுத்தான்.

நாகஜோதி ஓடிவந்து பிடுங்கினாள். "அண்ணே, என்ன வேல பாக்கீக. சாமி மலையேறுற வரைக்கும் சாமியாடியும் மேளக்காரகளும் தண்ணி தொடப்படாது. இந்த ஊரு வழக்கம்."

"சாமியாடி சரி, விரதம். மேளக்காரக என்ன பாவம் பண்ணாக?"

"அது பெத்தணன் ஐயா வச்ச வழக்கம். அவுகளப் போயிக் கேளுங்க."

பெத்தணன் கோயிலுக்கு எதிரே நாற்காலி போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சுற்று வட்டாரத்தில் பாதி நிலம் அவருடையது. எழுபது வயதிலும் முதுகு வளையவில்லை. பாலகுரு கும்பிட்டான். அவர் கண்ணை மூடித் திறந்தார். அதுவே பதில்.

உச்சிப் பூசைக்கு நேரம் நெருங்கியது. மேளக்காரர்கள் வரவில்லை. இருக்கன்குடிப் பக்கம் வண்டி அச்சு முறிந்து நிற்பதாக யாருடைய செல்போனிலோ செய்தி வந்தது. உச்சி தாண்டினால் சாமியை அழைக்க முடியாது. ஆடுகள் மாலையோடு கத்திக்கொண்டிருந்தன. பூசாரி மொக்கைச்சாமி கையைப் பிசைந்தார்.

"எங்கிட்ட ஒரு கேசட் இருக்கு," என்றான் பாலகுரு.

"ஏலே, சாமிக்கு டேப்பா? அப்ப அருள்வாக்கையும் டேப்புலயே போட்டுருவோமா?" என்று ஒருவன் கேட்க, கூட்டம் சிரித்தது.

பெத்தணன் குடைக்குள்ளிருந்து சொன்னார்: "எதையாவது போட்டுத் தொலைங்கப்பா. சத்தந்தான வேணும்."

பாண்டிராஜ் மெதுவாகப் பாலகுருவின் கையைப் பிடித்தான். "மச்சான், மலையேத்துற அடி அதுல இருக்கா?"

அவன் கேட்டதில் காரணம் இருந்தது. அழைக்கிற அடிக்குச் சாமி இறங்கும். நிறுத்தி நிதானமாக அடிக்கிற கடைசி அடி ஒன்று உண்டு, அதற்குத்தான் சாமி ஆளை விட்டு மலையேறும். அந்த அடி விழாவிட்டால் இறங்கிய சாமிக்குத் திரும்பிப் போக வழி தெரியாது. ஆளை ஆட்டி ஆட்டியே நெஞ்சை வெடிக்க வைத்துவிடும். அதனால்தான் மேளத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்பார்கள்.

"அது இல்ல மாப்ள. அதுக்குள்ள மேளக்காரக வந்துருவாக."

நான்கு குழாயில், ஒரு நிஜமான சாமிக்கு முன்னால், கண்ணுச்சாமியின் உறுமியைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை அவன் புத்தியை மறைத்திருந்தது.

அவன் பட்டனை அழுத்தினான்.

---

முதலில் நாடாவின் இரைச்சல். பிறகு, வளைந்த குச்சி தோலின் மேல் தேய, மாடு ஒன்று தொண்டைக்குள்ளேயே அழுவதுபோல் அந்தச் சத்தம் எழுந்தது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். ஆடுகள் கத்துவதை நிறுத்தின.

பாண்டிராஜின் தோள் துடித்தது. கழுத்து பின்னால் மடங்கியது. மொக்கைச்சாமி அவன் காலில் சலங்கையைக் கட்டி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டான். பீடத்தில் சார்த்தியிருந்த நீள அரிவாளைக் கையில் எடுத்தான். பெண்கள் குலவை போட்டார்கள். வெயிலில் தரை கொதிக்க, உறுமி ஏற ஏற அவன் சுழன்றான்.

பாலகுரு கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குச் சொர்க்கம் அது.

யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ராக்காயி என்ற கிழவி. முகம் வெளிறியிருந்தது.

"ஏலே, இத நிப்பாட்டு. இது இந்த ஊர்ல அடிச்ச அடி."

"எப்படி ஆத்தா சொல்லுறீக?"

"நடுவுல ஒரு பிள்ள அழுகுதுல்ல. அது எம்பிள்ள. இங்கனதான் மடில வச்சிருந்தேன். இப்ப அவனுக்கு இருபத்தாறு வயசு."

பாலகுருவின் கை பட்டனுக்குப் போனது. ஆனால் சாமி இறங்கியாகிவிட்டது. இனி நிறுத்த முடியாது.

அந்த நேரத்தில் நான்கு குழாயிலிருந்தும் அந்தக் குரல் வந்தது.

"அடிலே, நிப்பாட்டாத."

ஊர் முழுக்கத் திரும்பி நாற்காலியைப் பார்த்தது. வயது குறைந்த குரல்தான். ஆனாலும் அந்த ஊரில் அதைத் தெரியாதவர் இல்லை.

பெத்தணன் கையிலிருந்து குடை நழுவியது.

"எவம்லே இத எடுத்தது? அமத்து. அத அமத்து."

உறுமி உச்சிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"தண்ணி. ஒரு வாய் தண்ணி."

டக்.

டேப் நின்றுவிட்டது.

பாண்டிராஜ் நிற்கவில்லை.

மேளம் இல்லாமல் ஒரு சாமி ஆடுவதை அந்த ஊர் பார்த்ததில்லை. அத்தனை பேர் நிற்கிற இடத்தில் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. சலங்கை தாறுமாறாக ஒலிக்கவில்லை. யாருக்கும் கேட்காத ஓர் அடிக்குச் சரியாக விழுந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த அடியும் கேட்டது.

குழாயிலிருந்து அல்ல.

வேப்பமரத்தடியிலிருந்து.

பாலகுரு ஆம்ப்ளிபயரைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒயரைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது.

உறுமி நிற்கவில்லை. இன்னும் கிட்டத்தில் கேட்டது.

கருமருந்து வாடை வந்தது. கூடவே கருகிய தோலின் வாடை. மரத்தில் கட்டியிருந்த குழாய்கள் நடுங்கின. அவன் தலைக்குப் பக்கத்தில் இருந்த குழாய் சரவெடிபோல் வெடித்துச் சிதறியது. தகரத் துண்டு ஒன்று அவன் வலது காதைக் கிழித்துக்கொண்டு போனது. சூடாக ரத்தம் கழுத்தில் இறங்க, அந்தப் பக்கத்து உலகம் அப்படியே அடைத்துப்போனது.

மிச்சமிருந்த ஒரு காதில் அவன் கேட்டான்.

விரல் நகம் தோலில் படுவது கேட்டது. அடிக்கிறவர் மூச்சு வாங்குவது கேட்டது. நாவறண்டு எச்சில் விழுங்க முடியாமல் தவிப்பது கேட்டது. எந்த நாடாவிலும் பதியாதது அது.

அவன் கேட்ட வரம் கிடைத்துவிட்டது.

---

மொக்கைச்சாமி விபூதித் தட்டோடு ஓடினார். "கருப்பா, போதும்யா, மலையேறிருய்யா" என்று தட்டை நீட்டினார். அரிவாள் ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் தோளிலிருந்து முழங்கைவரை சதை வாய் பிளந்தது. தட்டு உருண்டது. விபூதியில் ரத்தம் விழுந்து குழைந்தது.

கூட்டம் சிதறியது. இரண்டு இளவட்டங்கள் பின்னாலிருந்து பாண்டிராஜைக் கட்டிப்பிடித்தார்கள். அவன் ஒருவனைத் தூக்கிப் பீடத்தில் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் உறுமிக்கு நடுவே தெளிவாகக் கேட்டது. மற்றவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. கட்டியிருந்த ஆடுகள் கயிற்றில் சுற்றிக்கொண்டு துடித்தன. பாண்டிராஜ் அரிவாளைத் தன் நெற்றியிலேயே வைத்து இழுத்தான். முகம் சிவப்பாக நனைந்தது. அந்தச் சிவப்புக்குள் திறந்திருந்த கண்கள் ஓர் ஆளை மட்டும் பார்த்தன.

பெத்தணன் எழுந்து ஓட முயன்றார். முதல் வெட்டில் நாற்காலி பிளந்தது. இரண்டாவது வெட்டைத் தடுக்கக் கையைத் தூக்கினார். வலது கையின் விரல்கள் கரிசல் மண்ணில் விழுந்தன. ஒரு விரலில் மோதிரம் இருந்தது.

அவர் தவழ்ந்தார். தவழ்ந்து தவழ்ந்து வேப்பமரத்தில் முதுகைச் சாய்த்தார். எதிரே அந்த வெறுந்தரை. அதில் புழுதி உறுமியின் ஒவ்வோர் அடிக்கும் துள்ளி எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அங்கே யாருமில்லை.

பாண்டிராஜின் வாயிலிருந்து பெத்தணனின் பழைய குரல் வந்தது.

"அடிலே, நிப்பாட்டாத."

"நாந்தேன்," என்றார் பெத்தணன். "சாமி வெட்டலப்பா. நாந்தேன் வெட்டுனேன். காலைலருந்து அடிச்சான். தண்ணி கேட்டான். ஒருத்தரும் குடுக்கல. சாமிப் பானைல அவனா எந்திரிச்சுப் போயிக் கை வச்சான். சாமியாடிட்ட இருந்து அருவாளப் பிடுங்கி நாந்தேன் வெட்டுனேன். சாமி வெட்டிருச்சுன்னு எல்லாரையும் சொல்ல வச்சேன். வெளியூருக்குத் தீ விபத்துன்னு தெரியட்டும்னு காட்டுல மருந்துக் கொட்டகைல போட்டு எரிச்சேன்."

உறுமி ஒரு கணம்கூடத் தாழவில்லை. அதற்கு இந்த வார்த்தைகள் வேண்டியிருக்கவில்லை.

நாகஜோதி புருசன் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். "அண்ணே, மூக்குல ரத்தம் வருதுண்ணே. நெஞ்சு துடிக்கிறது வெளிய தெரியுதுண்ணே. செத்துருவாகண்ணே. ஏதாவது செய்யுங்கண்ணே."

பாண்டிராஜின் விலா எலும்புகளுக்கு நடுவே நெஞ்சு பிடிபட்ட பறவைபோல் அடித்துக்கொண்டது. வாயில் நுரை தள்ளியது. அரிவாள் மெல்ல மெல்ல உயர்ந்தது. அது இறங்கினால் ஒருவர் சாவார். இறங்கிய பிறகும் அடி நிற்காது. அடுத்து இவன் சாவான்.

பாலகுருவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆம்ப்ளிபயர் மேசைக்கு அடியில் வேல்விழி காதைப் பொத்திக்கொண்டு ஒடுங்கியிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும், முந்தின நாள் மாலை அவள் கேட்டது ஞாபகம் வந்தது.

பீடத்துக்கு முன்னால் வேப்பிலை மூடிய பானை இருந்தது. சாமி மலையேறும்வரை யாரும் தொடக் கூடாத பானை. பாலகுரு இலையை விலக்கிச் செம்பை முக்கினான்.

மேளக்காரர்களைக் கையேந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றுவதுதான் அந்தப் பக்கத்துப் பழக்கம். அவன் அப்படிச் செய்யவில்லை. புழுதி துள்ளுகிற இடத்துக்கு முன்னால் மண்டி போட்டான். செம்பை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினான்.

"ஐயா," என்றான். "குடிங்க."

உறுமி நின்றது.

செம்பில் ஏதோ பட்டது. அவன் விரல் மேல் இன்னொரு விரல். காய்ப்பு ஏறிய, கரிபோல் உலர்ந்த விரல்.

செம்பின் பாரம் அவன் கையை விட்டுப் போனது.

அது காற்றில் சாய்ந்தது. மடக் மடக்கென்று தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு சொட்டும் தரையில் விழவில்லை.

பாலகுரு எழுந்து இரண்டாவது செம்பு கொண்டுவந்தான். மூன்றாவதும் கொண்டுவந்தான். அத்தனையும் அந்தத் தொண்டைக்குள் இறங்கியது. அவன் அழுதுகொண்டே கொடுத்தான்.

நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது.

அப்புறம், மிக மெதுவாக, அந்த அடி தொடங்கியது. எந்தக் கேசட்டிலும் இல்லாத அடி. தூங்கும் பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் இறக்குவதுபோல், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விட்டு. பாண்டிராஜின் சலங்கை அதற்கு இசைந்து தணிந்தது. உயர்ந்த கை தளர்ந்தது. அரிவாள் பெத்தணனின் தலைக்கு ஒரு சாண் மேலே மரத்தில் இறங்கி நின்றது.

பாண்டிராஜ் கட்டை சாய்வதுபோல் விழுந்தான். நாகஜோதி அவன் நெஞ்சில் காதை வைத்தாள். "இருக்கு," என்றாள். "இருக்குண்ணே."

மரத்திலிருந்து ஒரு வேப்பம்பூ உதிர்ந்து அந்த வெறுந்தரையில் விழுந்தது.

---

காயம்பட்டவர்களை ஜீப்பில் ஏற்றும்போது ஊர்க்காரர்கள் போலீசுக்குச் சொல்ல வேண்டியதைத் தமக்குள் பேசிக்கொண்டார்கள். "சாமி வெட்டிருச்சு. அம்புட்டுத்தான்."

படுத்திருந்த பெத்தணன் தலையைத் தூக்கினார். "அப்படிச் சொல்லாதீக. அன்னைக்கும் நீங்க அப்படித்தான் சொன்னீக."

போலீஸிடம் அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவர்கள் காட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். கரியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. பாண்டிராஜ் மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாண்டிராஜ் பிழைத்து வேலைக்குப் போனான். மொக்கைச்சாமி, வெட்டுப்பட்ட முழங்கை மடங்காவிட்டாலும், விபூதி பூசும் கை மற்றது என்று சிரிக்கப் பழகிக்கொண்டார். அடுத்த வருடத்திலிருந்து அந்தக் கோயிலில் மேளக்காரர்கள் தண்ணீர் குடித்த பிறகுதான் மேளத்தில் கை வைக்கிறார்கள்.

பெத்தணனுக்குக் கை ஆறியது. ஆனால் தண்ணீர் இறங்கவில்லை. எந்த டாக்டராலும் காரணம் சொல்ல முடியவில்லை. குளுக்கோஸ் ஏற்றித்தான் உயிர் ஓடியது; வாயில் ஊற்றுவது அப்படியே திரும்பி வந்தது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் நாக்கு வெடித்துக் கிடந்தவரைப் பார்க்கப் பாலகுரு ஒருமுறை போனான். ஈரத் துணியால் அவர் உதட்டைத் துடைத்துவிட்டான். அந்த ஈரம் மட்டும் உள்ளே போனது. அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மறுநாள் செத்துப்போனார். தாகத்தில் கிடப்பவன் யாரென்று கேட்பது நம் வேலை இல்லை என்று பாலகுரு அன்றைக்கு மனைவியிடம் சொன்னான்.

வேல்விழி அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேசட்டை அவனும் மறுபடி போடவில்லை.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிகள் ஓய்ந்திருந்த ஒரு நண்பகலில், யாரிடமும் சொல்லாமல் சைக்கிளில் புறப்பட்டான். ஓடைக்கரைப்பட்டிக்கு மேற்கே, பழைய மருந்துக் கொட்டகை எரிந்த காடு. சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே இடிந்த சுவரும் கருகிய தரையும் மிச்சம். புதுப் பானை ஒன்றும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றும் ஒரு கேன் தண்ணீரும் கொண்டுபோயிருந்தான். பானையை நிழலில் வைத்து நிரப்பினான். டம்ளரில் ஊற்றிச் சுவர்மேல் வைத்தான்.

இத்தனை வருடம் அந்தக் கேசட்டில் அவன் கேட்டு மகிழ்ந்தது ஒரு மனிதனின் கடைசி மணி நேரத்தை. அதற்கு அவன் ஒன்றும் கொடுத்ததில்லை. இன்னும் ஒருமுறை வாசிங்க என்று கேட்க நாக்கு நுனிவரை ஆசை வந்தது. அதை விழுங்கிக்கொண்டான். கும்பிட்டுவிட்டுத் திரும்பி, சைக்கிளைத் தள்ளினான்.

முள் மறைக்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

டம்ளர் சுவர்மேல் கவிழ்ந்திருந்தது.

காற்று தள்ளிவிட்டிருக்கும் என்று கிட்டே போனான். சுவரில் ஈரம் இல்லை. டம்ளர் உள்ளும் புறமும் சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தது. அந்தக் காலத்து டீக்கடைகளில் சிலர் மட்டும் குடித்த டம்ளரைத் தாங்களே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அப்படி இருந்தது அது.

பாலகுருவின் கண் நிறைந்தது.

"நீங்க கழுவ வேண்டாம்யா," என்றான் மெதுவாக.

டம்ளரைத் தன் கையால் மறுபடி கழுவினான். வேட்டி நுனியால் துடைத்தான். நிமிர்த்தி வைத்து, விளிம்புவரை நிரப்பினான். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

ஒத்தையடிப் பாதை வரும்போது, செத்துப்போயிருந்த அவன் வலது காதில் மட்டும், உறுமி ஒருமுறை மெல்லத் தேய்ந்து அடங்கியது.